எந்தச் சாமி?

நீங்கள் வேலைக்குச் சேர்ந்து இன்னும் ஒரு மாதம்கூட ஆகவில்லை. அதற்குள் உங்களில் மூன்று பேர் தனித்தனியாக என்னிடம் வந்து ஒரே கேள்வியைக் கேட்டுவிட்டீர்கள். மேசைக்குப் பக்கத்தில் நின்றபடி டேப்லெட்டில் விரலால் தட்டினால் சமையலறைத் திரையில் ஆர்டர் விழுந்துவிடுகிறது. வாயைத் திறக்க வேண்டிய அவசியமே இல்லை. ஆனாலும் யாராவது பழக்கதோஷத்தில் ஜன்னலில் எட்டிப் பார்த்து, "சாமிக்கு ஒரு சாப்பாடு" என்று சொல்லிவிட்டால், உள்ளே இருக்கிறவர்கள் கரண்டியை அப்படியே நிறுத்திவிட்டு, "எந்தச் சாமி?" என்று கேட்கிறார்கள். பதில் வருகிறவரை எதையும் ஊற்றுவதில்லை. இது என்ன விளையாட்டு என்று கேட்டீர்கள்.

விளையாட்டு இல்லை. அந்தக் கேள்வி இந்த விடுதிக்கு வந்ததற்குக் காரணம் நான். நான் செய்த தப்பு. விருந்தோம்பல் பற்றி நாலு வார்த்தை பேசுங்கள் என்று மேனேஜர் என்னைக் கூப்பிட்டிருக்கிறார். விருந்தோம்பலைப் பற்றிப் பேச எனக்குத் தெரியாது. இந்தத் தப்பைப் பற்றிப் பேசத் தெரியும். ஓய்வுபெற்ற பிறகு வேலையை விட்டு என்னை யாரும் அனுப்ப முடியாது என்பதால் முழுதாகவே சொல்கிறேன்.

முதலில் நீங்கள் நிற்கிற இந்த இடத்தைத் தெரிந்துகொள்ளுங்கள். போர்டில் நாகரிகமாக ஒரு பெயர் இருக்கிறது. அதைச் சொன்னால் செவ்வாய்ப்பேட்டையில் ஒரு ஆட்டோக்காரருக்கும் தெரியாது. 'கிணத்தடி லாட்ஜ்' என்று சொல்லுங்கள், கண்ணை மூடிக்கொண்டு கொண்டுவந்து விடுவார்கள். சந்தைக்கு வண்டி கட்டிக்கொண்டு வந்த வியாபாரிகள் ராத்தங்கிப் போவதற்காக இந்த வீட்டுப் பெரியவர் கட்டிய இடம் இது. மாடியில் படுக்க அறை, கீழே இலைச் சாப்பாடு, நடுமுற்றத்தில் கிணறு. அவருடைய மனைவிதான் சமையல். அந்தச் சாப்பாட்டுக்காகவே வேலை இல்லாத நாளிலும் சேலத்துக்கு வந்துபோனவர்கள் உண்டு என்று எனக்கு முன்னால் வேலை பார்த்தவர்கள் சொல்லிக் கேட்டிருக்கிறேன்.

பிறகு வண்டி போய் லாரி வந்தது. லாரிக்காரர்களுக்குக் கறிச்சோறு வேண்டும். பெரியவருக்கும் போட ஆசைதான். அந்த அம்மா தன் அடுப்பில் கறி ஏறக் கூடாது என்று சொல்லிவிட்டார். வேண்டுமென்றால் கிணற்றுக்கு அந்தப் பக்கம் தனியாக அடுப்பு போட்டுக்கொள்ளுங்கள், ஒரு கரண்டிகூடக் கிணற்றைத் தாண்டி வரக் கூடாது என்றாராம். அப்படித்தான் இங்கே இரண்டு சமையலறை வந்தது. கிணற்றுக்குக் கிழக்கே சைவம், மேற்கே அசைவம். பரிமாறுகிறவர் எது வேண்டுமோ அந்தப் பக்கம் நடந்துபோய், அந்த ஆளின் முகத்தைப் பார்த்துச் சொல்லி, வாங்கிக்கொண்டு வர வேண்டும். இரண்டு தலைமுறை அப்படியே நடந்தது.

நான் சேர்ந்தபோது மூன்றாம் தலைமுறை. அந்த வீட்டு மருமகள்தான் கல்லாவில் உட்கார்ந்திருந்தார். என்னைவிட ஐந்தாறு வயது சின்னவர். முதலாளியம்மா என்று கூப்பிடுவோம். சேர்ந்த அன்றைக்கு என்னை ஒரு இலை முன்னால் உட்காரவைத்து, சாதம் முதல் மோர் வரை எல்லாம் போடச் சொன்னார். வேலை கேட்டு வந்தவனுக்கு எதற்கு இந்த உபசாரம் என்று எனக்குக் கூச்சம். "பசியோட இருக்கறவன் அடுத்தவன் எலையப் பாப்பான். சாப்புட்டவன் ஆளைப் பாப்பான்" என்றார். நீங்கள் சேர்ந்த அன்றைக்கு உங்களையும் அப்படி உட்காரவைத்துப் போட்டார்களே, அது இவர் தொடங்கிய வழக்கம். இந்த வீட்டுச் சோற்றை நான் முப்பது வருடத்துக்கு மேல் சாப்பிட்டேன். அந்த நன்றியோடுதான் மீதியைச் சொல்கிறேன்.

பத்து வருடத்தில் நான் சூப்பர்வைசர் ஆனேன். தலைக்கனமும் கூடவே வந்தது. சாப்பாட்டு நேரத்தில் ஆட்கள் கிணற்றைச் சுற்றிச் சுற்றி ஓடுவதைப் பார்க்க எனக்குப் பொறுக்கவில்லை. முற்றத்துக்கு மேலே ஷீட் போட்டு, இரண்டு சமையலறையின் ஜன்னலையும் ஒரே நடைக்குத் திருப்பி வைத்துவிட்டால் ஒரு குரலில் எல்லாம் நடக்கும் என்று யோசனை சொன்னேன். ஆமாம், சொன்னது நான்தான். முதலாளியம்மா கொஞ்சம் தயங்கினார். "சரி, செய்யுங்க. கிணத்தை மட்டும் மூடிராதீங்க" என்றார். கிணற்றுக்குக் கம்பி வலை போட்டோம். ஓரத்தில் கயிறும் வாளியும் போய்வர ஒரு கதவு விட்டோம். அதற்குப் பிறகு நான் நடையில் நின்று ஒரு குரல் கொடுத்தால் போதும், இரண்டு ஜன்னலிலும் கேட்கும். வேகம் கூடியது. என்னைப் பார்த்து நானே மெச்சிக்கொண்டேன்.

இப்போது என் வாயைப் பற்றிச் சொல்ல வேண்டும். எனக்குத் திருச்செங்கோட்டுப் பக்கம். எங்கள் ஊரில் அழுகிற குழந்தையையும் "அழுவாத சாமி" என்போம், வயசானவரையும் "உக்காருங்க சாமி" என்போம். இங்கே வருகிறவர்கள் எல்லோரும் எனக்குச் சாமிதான். நாமக்கல்லிலிருந்து ஒரு லாரி முதலாளி வருவார். அவர் வண்டி செவ்வாய்ப்பேட்டையில் சரக்கு இறக்குகிற நாளெல்லாம் மூலை மேசையில் மத்தியானச் சாப்பாடு. பல் எல்லாம் போய்விட்டது. கறித் துண்டை மெல்ல முடியாது. குழம்பை மட்டும் வடித்து, தெளிவாக ஊற்றினால் போதும் அவருக்கு. நான் நடையில் நின்று, "சாமிக்குத் தெளிவுக் கொழம்பு" என்று குரல் கொடுப்பேன். அசைவப் பக்கத்தில் வெண்ணந்தூர்க்காரர் ஒருவர் சமையல். கைப்பக்குவம் உள்ளவர், பேச்சு குறைவு. தலையைத் தூக்காமலே ஒரு கிண்ணத்தில் வடித்து ஜன்னலில் வைப்பார். வருடக்கணக்காக இப்படி.

கார்த்திகை பிறந்தால் இந்த விடுதியின் முகமே மாறிவிடும். மலைக்குப் போகிற ஐயப்ப சாமிகள் வடக்கேயிருந்து பஸ் பஸ்ஸாக இந்த ஊர் வழியாகத்தான் இறங்குவார்கள். கீழே கறிச்சோறு போடுகிற இடத்தில் மாலை போட்டவர்கள் எப்படிச் சாப்பிடுவார்கள் என்று நீங்கள் கேட்கலாம். மாடிக் கூடத்தை அந்த இரண்டு மாதத்துக்கும் கழுவி விட்டு அவர்களுக்கென்றே ஒதுக்கிவிடுவோம். பின்பக்கத்துப் படி வழியாகச் சைவ அடுப்பிலிருந்து நேராக மேலே போகும். கீழே பரிமாறுகிற ஆள் மேலே காலே வைக்க மாட்டார். அந்த ஒழுங்கு ஊருக்குத் தெரியும். அதனால்தான் நம்பி வந்தார்கள்.

அன்றைக்கு மத்தியானம் மாடியில் இரண்டு பஸ் கூட்டம். உட்கார இடமில்லை. அந்த நேரத்தில் வாழப்பாடியிலிருந்து ஒரு வேன் வந்து நின்றது. ஏழு சாமிகள். அவர்களுடைய குருசாமி வாழப்பாடிப் பக்கம் பாக்குத் தோப்பு வைத்திருப்பவர். வருடா வருடம் இங்கே சாப்பிட்டுவிட்டுத்தான் மலைக்குப் போவார். அந்த வருடம் அவருக்குப் பதினெட்டாவது மலை. பதினெட்டாம் வருடம் போகிறவர் ஒரு தென்னங்கன்றைக் கொண்டுபோய் அங்கே நட வேண்டும் என்பது வழக்கம். வேன் ஜன்னலோரம் ஒரு சாக்கில் அந்தக் கன்று நின்றுகொண்டிருந்தது. நான் பார்த்தேன்.

"மேல எடம் இருக்குதா சாமி?" என்று கேட்டார்.

அரை மணி நேரம் பொறுங்கள் என்று சொல்லியிருக்க வேண்டும். சொன்னால் காத்திருந்திருப்பார். ஆனால் எத்தனை கூட்டம் வந்தாலும் சமாளிப்பவன் என்று எனக்கு ஒரு பெயர் இருந்தது. அந்தப் பெயரை அரை மணி நேரம்கூட இறக்கி வைக்க எனக்கு மனசில்லை. "கீழயே ஓரமா ஒரு ரூம் இருக்குதுங்க சாமி. கழுவிப் போட்டுருக்கறனுங்க. கெழக்குப் பக்கத்து அடுப்புல இருந்து மட்டும் நானே கொண்டாந்து தாரனுங்க" என்றேன். அவர் என்னை நம்பி உள்ளே வந்தார். நீங்கள் குறித்துக்கொள்ள வேண்டியது இதைத்தான். குழம்பு ஊற்றிய இடத்தில் தப்பு தொடங்கவில்லை, வாசலில் தொடங்கியது.

இலை போட்டோம். சாதம், பருப்பு, பொரியல் வரை நானே நின்று பார்த்தேன். அதற்குள் மாடியில் எதற்கோ கூப்பிட்டார்கள், கீழ்க் கூடத்தில் நாமக்கல்காரர் வந்து மூலையில் உட்கார்ந்தார், வாசலில் வேறு ஆட்கள். குருசாமி என்னைப் பார்த்து, "காய் வேணாம் சாமி, கொழம்பு மட்டும் தெளிவா ஊத்தச் சொல்லுங்க" என்றார். நான் நடைக்கு வந்து, நடந்துகொண்டே குரல் கொடுத்தேன்.

"சாமிக்குத் தெளிவுக் கொழம்பு."

சைவப் பக்கத்து ஜன்னலில் அப்போது ஆள் இல்லை, மாடிக்குச் சாதம் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். வெண்ணந்தூர்க்காரர் வழக்கம்போலத் தலையைத் தூக்காமல் வடித்து வைத்தார். எங்கள் பரிமாறுகிறவர் ஒருவர் என் குரலைக் கேட்டார், எனக்குப் பின்னால் மாலையோடு உட்கார்ந்திருந்த சாமியைப் பார்த்தார், கிண்ணத்தை எடுத்துக்கொண்டு நேராக ஓர அறைக்குப் போய்விட்டார். அவர் மேலும் தப்பு இல்லை, இவர் மேலும் தப்பு இல்லை. ஒரே சொல்லை வைத்து இரண்டு பேரைக் கூப்பிட்டவன் நான்.

நான் அப்பளத் தட்டோடு அறைக்குள் நுழைந்தேன். குருசாமி குழம்பை வாங்கிச் சாதத்தைப் பிசைந்து முடித்திருந்தார். இலை ஓரத்தில் வழிந்த குழம்பில் சிவப்பாக எண்ணெய் வளையம் கட்டியிருந்தது. எங்கள் சைவப் பக்கத்துப் புளிக்குழம்பில் அப்படிக் கட்டாது. இத்தனை வருடம் இந்தக் குழம்பைப் பார்த்தவனுக்கு மூக்குகூடத் தேவையில்லை, கண்ணே போதும். அவர் தம்பியிடம் ஏதோ பேசிக்கொண்டே முதல் கவளத்தை எடுத்தார். கை வாய்க்கு நாலு விரல் தூரத்தில் இருந்தது.

தட்டைக் கீழே போட்டுவிட்டு அவர் மணிக்கட்டைப் பிடித்தேன்.

சாப்பிடுகிறவர் கையைப் பிடிப்பதைப் போல ஒரு அவமரியாதை நம் தொழிலில் கிடையாது. ஏழு பேரும் அப்படியே உறைந்துபோனார்கள். அப்பளம் தரையெல்லாம் சிதறிக் கிடந்தது. குருசாமி கையை இழுக்கவில்லை. என் பிடிக்குள் கையை அப்படியே விட்டுவிட்டு என் முகத்தைப் பார்த்தார்.

அந்த இரண்டு நொடியில் எனக்கு இரண்டு பொய் தோன்றியது. ஒன்று, பல்லி விழுந்துவிட்டது என்பது. அது விடுதியின் பெயரைக் கெடுக்கும். இன்னொன்று, உப்பு கூடிவிட்டது, மாற்றித் தருகிறேன் என்பது. இது அருமையான பொய். யாருக்கும் சேதமில்லை. இலையை எடுத்துவிட்டு வேறு இலை போட்டிருந்தால், இன்றைக்கு உங்களுக்கு இந்தக் கதையே இல்லை. எல்லோரும் நிம்மதியாக மலைக்குப் போயிருப்பார்கள். நான் அந்தப் பொய்க்கு வாயைக்கூடத் திறந்துவிட்டேன். நல்லவன் என்று என்னை நினைத்துக்கொள்ளாதீர்கள்.

அவர்தான் முந்திக்கொண்டார். "என்னாச்சு, சொல்லுங்க சாமி" என்றார்.

மாலை போட்டவர்களும் எல்லோரையும் சாமி என்றுதான் கூப்பிடுவார்கள், உங்களுக்குத் தெரியும். நான் சொல்கிற சாமி வாய்ப் பழக்கம். அவர் சொன்னது அப்படி இல்லை. என் எதிரில் இருக்கிற நீயும் அதே சாமிதான் என்று நினைத்துச் சொன்னார். அதைக் கேட்ட பிறகு அந்த உப்புப் பொய் எனக்குத் தொண்டையைத் தாண்டவில்லை.

"சாமி, இது கறிக்கொழம்புங்க. சமையக்காரர் தப்பு இல்லீங்க. என்ற வாயில வந்த தப்புங்க" என்றேன்.

அவருடைய தம்பி எழுந்து நின்றார். நாற்பது வயது இருக்கும். முதன்முறை மாலை போட்டவர். எழுந்த வேகத்தில் இலை பாதி அவர் காலோடு வந்தது. "பதினெட்டாவது மலைங்க அவருக்கு. வண்டியில கன்னு வெச்சிருக்குது. இப்ப மாலையக் கழட்டிட்டு ஊட்டுக்குப் போகச் சொல்றீங்களா?" என்றார். பிறகு எல்லோரையும் பார்த்து, "கொழம்பே இப்படின்னா, இது வரைக்கும் சாப்புட்ட சோத்துல என்ன கலந்துச்சோ, யாருக்குத் தெரியும்?" என்று கேட்டார். மற்ற ஐந்து பேரும் இலையிலிருந்து கையை எடுத்துவிட்டார்கள். நியாயமான கேள்வி. அவர் இடத்தில் நான் இருந்தால் நானும் அதையேதான் கேட்டிருப்பேன்.

சத்தம் கேட்டு முதலாளியம்மா வந்தார். என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. தரையில் கிடந்த அப்பளத்தையும் இலையையும் என் கையையும் பார்த்தார், புரிந்துகொண்டார். அப்போதுதான் நான் இன்னும் அவர் மணிக்கட்டை விடவில்லை என்பதே எனக்குத் தெரிந்தது. விட்டேன்.

"கெழக்குப் பக்கம் சமையக்கட்டைப் போய்ப் பாருங்க. மூடியத் தெறந்து பாருங்க. கரண்டிய மோந்து பாருங்க. உங்களுக்குச் சந்தேகம் தீர்ற வரைக்கும் நானும் சாப்புட மாட்டேன், எங்க ஆளுங்களும் சாப்புட மாட்டாங்க" என்று தம்பியிடம் சொன்னார். அந்தச் சமையலறைக்குள் என்னையே அங்கே சமைப்பவர்கள் விட மாட்டார்கள். அன்றைக்குத் தம்பியும் இன்னும் இரண்டு பேரும் உள்ளே போய் ஒவ்வொரு பாத்திரமாகப் பார்த்தார்கள். பாத்திரம் வேறு, கரண்டி வேறு, தண்ணீர்க் குடம்கூட வேறு. கிணற்றைத் தாண்டி ஒரு கரண்டி வரக் கூடாது என்று என்றைக்கோ ஒரு அம்மா பிடித்த பிடிவாதம் அன்றைக்கு எங்களைக் காப்பாற்றியது. நான் பார்த்தேயிராத அந்த அம்மாவுக்கு மனசுக்குள் ஒரு கும்பிடு போட்டேன். சாதமும் பருப்பும் சுத்தம் என்று தம்பி திரும்பி வந்து சொன்னார். ஆனால் முகம் இளகவில்லை.

மீதி இருந்தது ஒரே கேள்வி. அதைக் குருசாமிதான் கேட்டார். அவர் அது வரை எழுந்திருக்கவில்லை. பிசைந்த கையோடு அப்படியே உட்கார்ந்திருந்தார்.

"நான் பேச்சு மும்முரத்துல இருந்தேன். எனக்கே நெனவு இல்ல. வாய்க்குப் போச்சா, போவலியா?"

"போவலீங்க சாமி. அதுதான் மொதக் கவளம். நாலு வெரக்கடை இருந்துச்சுங்க. கண்ணால பாத்தனுங்க."

"இவரு சொல்லத்தான் செய்வாரு" என்றார் தம்பி. "போச்சுன்னா சொல்லுவாங்களா?"

குருசாமி பிசைந்த தன் கையையே பார்த்தார். நாற்பது நாளுக்கு மேல் பிடித்த விரதம், பதினேழு வருடம் போய்வந்த மலை, வண்டியில் காத்திருக்கிற கன்று, எல்லாம் என் ஒரு சொல்லில் தொங்கிக்கொண்டிருந்தது. பிறகு அவர் தம்பியைப் பார்த்துச் சொன்னார்.

"கொழம்பு உப்பாயிடுச்சுன்னு சொல்லியிருந்தா நானும் நீயும் நம்பியிருப்போம். எலைய மாத்திட்டுப் போயிருப்பாரு. கறின்னு அவரா வாயத் தெறந்து சொன்னாரு. அதச் சொன்ன ஆளு இதையும் நெசமாத்தான் சொல்லுவாரு."

இதைத்தான் உங்களிடம் சொல்ல வந்தேன். என்றைக்காவது உங்களுக்கும் இப்படி ஒரு இரண்டு நொடி வரும். அழகான பொய் ஒன்று கைக்கு எட்டுகிற தூரத்தில் இருக்கும். அதைச் சொல்லித் தப்பித்துக்கொள்ளலாம். ஆனால் அடுத்த கேள்வி வருகிறபோது உங்கள் வாயில் நம்புகிற மாதிரி ஒன்றும் மிச்சம் இருக்காது. எனக்கு எதிராக நான் சொன்ன ஒரு உண்மைதான் அவருக்குச் சாதகமாக நான் சொன்ன உண்மையைத் தாங்கிப் பிடித்தது.

அவர் எழுந்து முற்றத்துக்குப் போனார். கிணற்றிலிருந்து ஒரு வாளி தண்ணீர் கேட்டார். நானே இறைத்துக் கொடுத்தேன். மாலையோடும் கட்டியிருந்த கறுப்பு வேட்டியோடும் தலையில் ஊற்றிக்கொண்டார். மூன்று வாளி. சரணம் சொன்னார், மற்றவர்களும் கூடச் சொன்னார்கள். கூடத்தில் சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் எல்லாம் எழுந்து நின்றுவிட்டார்கள். நாமக்கல்காரரும் நின்றார். கிணற்றை மூடிவிடாதீர்கள் என்று முதலாளியம்மா சொல்லாமல் இருந்திருந்தால், அன்றைக்கு நான் அவருக்குக் குழாயைத்தான் காட்டியிருக்க வேண்டும்.

ஈர வேட்டியோடு அவர் வாசல் பக்கம் போவார் என்று நினைத்தேன். போயிருந்தால் அந்தச் செய்தி சாயங்காலத்துக்குள் பேட்டை முழுக்கப் பரவியிருக்கும். அதன் பிறகு ஒரு சாமியும் எங்கள் படி ஏறியிருக்க மாட்டார். அவர் திரும்பி உள்ளே வந்தார். மாடியில் பந்தி முடிந்து கழுவியிருந்தார்கள். மேலே ஏறிப் போய் ஒரு புது இலை முன்னால் உட்கார்ந்தார்.

"எனக்குப் பசிக்குது. நீங்களே போடுங்க சாமி" என்றார் என்னிடம்.

நானும் ஒரு வாளி ஊற்றிக்கொண்டு மேலே ஏறிப் போனேன். அன்றைக்கு நான் போட்ட சாதம் இலையில் பாதி, இலைக்கு வெளியே பாதி. வெளியே விழுந்ததை ஒதுக்கிவிட்டு அவர் சாப்பிட்டார். மோர்வரை சாப்பிட்டார். அதைப் பார்த்து மற்ற ஐந்து பேரும் உட்கார்ந்தார்கள். தம்பி மட்டும் கடைசிவரை உட்காரவில்லை. பச்சைத் தண்ணீர் குடித்தார், அவ்வளவுதான். அவரை நான் குறை சொல்ல மாட்டேன்.

வேன் போன பிறகு சாவிக்கொத்தைக் கொண்டுபோய்க் கல்லாவில் வைத்தேன். "நான் போறனுங்கம்மா" என்றேன்.

முதலாளியம்மா நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "நீங்க போனா வேற ஆளு வருவாரு. அவரு இந்தத் தப்பை இனிமேத்தான் பண்ணோணும். நீங்க பண்ணி முடிச்சுட்டீங்க. சாவிய எடுத்துக்கிட்டுப் போய்ச் சாப்புடுங்க" என்றார். என்னைத் திட்டியிருந்தால் நான் மறந்திருப்பேன். அந்தப் பேச்சை இன்று வரை என்னால் மறக்க முடியவில்லை. என் பிள்ளைகள் படித்தது, எனக்கென்று ஒரு வீடு ஆனது, எல்லாம் அந்தச் சாவிக்கொத்தைத் திருப்பி எடுத்துக்கொண்டதால் வந்தவை.

ஆனால் அதோடு என் முட்டாள்தனம் தீர்ந்துவிடவில்லை. இனி யாரையும் சாமி என்று கூப்பிடுவதில்லை என்று முடிவு செய்தேன். மறுநாளிலிருந்து எல்லோரும் சார். நாக்கை இழுத்துக் கட்டிக்கொண்டு "வாங்க சார், உக்காருங்க சார்" என்றேன். நாலு நாள் பொறுத்தார் நாமக்கல்காரர். ஐந்தாம் நாள் சாப்பாட்டைப் பாதியில் வைத்துவிட்டு என்னைக் கூப்பிட்டார்.

"ஏனுங்க, நான் என்ன தப்புப் பண்ணுனேன்?"

"ஒண்ணுமில்லீங்களே சார்."

"பாருங்க, மறுபடியும் சார்ங்கறீங்க. இத்தன வருசம் சாமியா இருந்தவன் இன்னைக்கு சார் ஆயிட்டேன். ஏதோ இருக்குது. சொல்லிப்போடுங்க, நான் வேற கடை பாத்துக்கறேன்."

சமாதானம் சொல்லி உட்காரவைப்பதற்குள் எனக்கு வேர்த்துவிட்டது. கல்லாவிலிருந்து முதலாளியம்மா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். "வாய எதுக்கு மாத்தறீங்க? ஜன்னலை மாத்துங்க" என்றார்.

அந்த வாரமே நான் பிரமாதமாகத் திருப்பிவைத்த ஜன்னலை அடைத்து, பழையபடி கிணற்றுக்கு அந்தப் பக்கம் ஒன்றும் இந்தப் பக்கம் ஒன்றுமாகத் திறந்தோம். கிணற்றைச் சுற்றிக்கொண்டு போக வேண்டியிருக்கிறது என்று நீங்கள் இப்போது சலித்துக்கொள்கிறீர்களே, அந்த நடை அப்படித் திரும்பி வந்ததுதான். மாலை போட்டவர்களைக் கீழே உட்காரவைப்பதில்லை, கூடமே காலியாகக் கிடந்தாலும் சரி என்பதும் அன்றிலிருந்துதான்.

இன்னொரு தப்பையும் சொல்லிவிடுகிறேன். இந்தக் களேபரத்தில் வெண்ணந்தூர்க்காரரை நான் மறந்தே போனேன். கிண்ணத்தில் வடித்தது அவர் கை. ஒரு சாமியின் இலையில் தன் குழம்பு விழுந்துவிட்டதே என்று அந்த மனுஷன் உள்ளுக்குள் வெந்துகொண்டிருந்தார். உங்கள் மேல் தப்பில்லை என்று எல்லோரிடமும் சொன்ன நான் அவரிடம் சொல்லவில்லை. புது ஜன்னல் வைத்த அன்றைக்கு நான் போய்ப் பழையபடி, "சாமிக்குத் தெளிவுக் கொழம்பு" என்றேன். அவர் கரண்டியைச் சட்டியின் மேல் வைத்தார். வருடக்கணக்கில் முதல் தடவையாகத் தலையைத் தூக்கி என் கண்ணைப் பார்த்தார்.

"எந்தச் சாமி?"

கோபத்தில் கேட்டார். கேட்க உரிமை உள்ளவர். "நாமக்கல்காரருங்க, மூலை மேசைங்க" என்றேன். "அன்னிக்கு உங்க மேல தப்பு இல்லீங்க. மொதல்லயே உங்ககிட்டத்தான் வந்து சொல்லியிருக்கோணும்" என்றும் சொன்னேன். அவர் வடித்து வைத்தார். ஆனால் கேள்வியை விடவில்லை. ஒவ்வொரு தடவையும் கேட்டார். கொஞ்ச நாளில் கோபம் போய்விட்டது, கேள்வி மட்டும் நின்றது. சைவப் பக்கத்துக்கும் பரவியது. அவருக்குப் பிறகு வந்தவர்கள் காரணம் தெரியாமலே கேட்டார்கள். இன்றைக்கு உங்கள் காதில் விழுகிறது அந்தக் கேள்விதான். திரையில் பேர் தப்பாக விழுந்தாலும் மனிதர் கேட்டால் தப்பாது என்று எனக்கு இன்னும் ஒரு நம்பிக்கை.

தை மாதம் பிறந்து பத்து நாள் இருக்கும். எல்லாச் சாமிகளும் மலை இறங்கி வீடு போய்ச் சேர்ந்துவிட்டார்கள். வாழப்பாடியிலிருந்து ஒரு சேதியும் இல்லை. தினமும் நினைத்துக்கொள்வேன், கேட்க வழி தெரியாது. ஒரு மத்தியானம் வெள்ளை வேட்டி சட்டையில் ஒருவர் மனைவியோடு வந்து கூடத்தில் உட்கார்ந்தார். மழமழவென்று சவரம் செய்த முகம். யாரோ புதியவர் என்று நினைத்துத் தண்ணீர் வைத்தேன்.

"என்ன சாப்புடறீங்க சாமி?"

"கறிச்சோறு" என்றார். பையிலிருந்து மலையில் கொடுக்கிற அரவணைப் பிரசாத டப்பா ஒன்றை எடுத்து மேசையில் என் பக்கமாக நகர்த்தினார். "கன்னு நட்டாச்சு. தம்பி வண்டிய நிறுத்திட்டு வரான். அவனுக்கும் சேத்து எலை போடுங்க."

குரலைக் கேட்ட பிறகுதான் அந்தத் தாடியில்லாத முகம் யாருடையது என்று எனக்குத் தெரிந்தது. டப்பாவை ஒரு கையில் வைத்துக்கொண்டே மூன்று இலை போட்டேன். தம்பி உள்ளே வந்து, என்னைப் பார்த்து லேசாகத் தலையசைத்துவிட்டு, அண்ணன் பக்கத்தில் உட்கார்ந்து இலையில் தண்ணீர் தெளித்துத் துடைத்தார். எனக்குக் கண் நிறைந்துவிட்டது. அதை மறைக்கக் கிணற்றைச் சுற்றிக்கொண்டு மேற்குப் பக்கத்து ஜன்னலுக்கு ஓடினேன். பின்னாலேயே குருசாமியும் கை கழுவக் கிணற்றடிக்கு வந்தார்.

"சாமிக்குக் கொழம்பு" என்றேன்.

வெண்ணந்தூர்க்காரர் கரண்டியை நிறுத்தினார். "எந்தச் சாமி?"

நான் பதில் சொல்வதற்குள் முந்திக்கொண்டார் குருசாமி. ஈரக் கையோடு அவரே வந்து ஜன்னலில் எட்டிப் பார்த்தார்.

"மாலை கழட்டின சாமிங்க" என்றார். "இன்னிக்குத் தெளிவா வேணாம், கறியோடவே ஊத்துங்க."